என்ன மாவு என்று யாரும் கேட்கவில்லை

பிரபு,

இந்தக் கடிதம் முழுக்க நான் ஒருமுறைகூட இரும மாட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் உன்னிடம் பேச ஆரம்பித்தால் நாலு வார்த்தைக்குள் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. வந்த உடனே நீ, "பேசாதமா, மூச்சு வாங்குது பாரு" என்று எழுந்து போய்விடுகிறாய். போனிலும் இதே கதைதான். என் இருமல் உனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பேப்பரில் அது கேட்காது. நான் நடுவில் பேனாவை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் இருமினாலும் உனக்குத் தெரியப்போவதில்லை, அடுத்த வரி ஒழுங்காக அடுத்த வரியாகவே வந்து நிற்கும். அதனால் இன்றைக்கு நான் சொல்வதை நீ முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எட்டாவது வரைக்கும் படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பரீட்சைக்கு எழுதவில்லை.

உறையை ஒட்டவில்லை. வாலாஜாபாத் பக்கம் சவாரி கிடைக்கிற அன்றைக்கு அப்பா ஆட்டோவில் கொண்டுவந்து தருவார். எச்சில் தொட்டு ஒட்டினால் அதற்கும் நீ ஒன்று சொல்வாய் என்றுதான் திறந்தபடியே விட்டேன். வழியில் அப்பா படித்தால் படிக்கட்டும். வீட்டில் உனக்கு முன்னால் உன் பெண்டாட்டி கலை எடுத்துப் படித்துவிட்டால் இன்னும் நல்லது. மில்லுக்கு மட்டும் எடுத்துப் போகாதே. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

மில்லைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இன்றைக்கும் நீ அதற்குள்தான் நிற்கிறாய். ஆனால் கலைக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பெரிய காஞ்சிபுரத்தில் நம் தெரு முனைக்கே கம்பெனி வேன் வரும். திருமுக்கூடல் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மில். லாரி லாரியாக வெங்கச்சாங்கல் வந்து வெள்ளை வெளேரென்று கொட்டும். அதை உடைத்து, அரைத்து, சலித்து, கடைசியில் குழாய் வழியாகப் புகை மாதிரி இறக்குவார்கள். அந்தக் குழாய் வாயில் கோணியைப் பிடித்து நிரப்பித் தைப்பது என் வேலை. கண்ணாடிக் கம்பெனிக்கும் டைல்ஸ் கம்பெனிக்கும் போகிறது என்று சொல்வார்கள். சாயங்காலம் ஆனால் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. அரிசி அரைக்கிற மாதிரியே அரைப்பதால் அதற்கு மாவு என்று பெயர் வந்துவிட்டது. யார் வைத்த பெயரோ. சூப்பர்வைசரும் மாவு என்பார், லாரிக்காரனும் மாவு என்பான். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் மாவு மில் என்போம். நம் ஊரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் தறிக்குப் பாவு நீட்டுகிற பேச்சுதான். அவர்கள் பாவு போடுகிறார்கள், நாம் மாவு போடுகிறோம் என்று வேனில் கேலி பேசிக்கொண்டு போவோம். மாவைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? வீட்டில் தினமும் கையால் பிசைகிற பொருள்.

தூசியை இழுக்கிற பெரிய ஃபேன் ஒன்று அப்போதும் இருந்தது. அதைப் போட்டால் மாவும் சேர்ந்து போகிறது என்று போடமாட்டார்கள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் ஓடும், வந்தவர்கள் போனதும் நிற்கும். நாங்கள் அதற்கு விருந்தாளி ஃபேன் என்று பெயர் வைத்திருந்தோம். இப்போதும் அப்படித்தான் என்று நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய். எங்களுக்கு என்று கொடுத்தது வெல்லம். சாயங்காலம் வேன் ஏறும் முன்னால் ஆளுக்கு ஒரு கட்டி. தொண்டையில் ஒட்டின தூசியை வெல்லம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். நாங்களும் நம்பினோம். நம்பினோம் என்ன, சட்டமாகவே வைத்திருந்தோம். ஒருநாள் வெல்லம் வரவில்லை என்று வேனில் ஏற மாட்டோம் என்று நின்றிருக்கிறோம். ஃபேனைப் போடு என்று ஒருநாளும் நின்றதில்லை.

நான் என் வெல்லத்தைத் தின்றதே இல்லை. முந்தானையில் முடிந்து உனக்குக் கொண்டுவருவேன். வேன் சத்தம் கேட்டதும் நீ பள்ளிக்கூடத்துச் சட்டையோடு தெரு முனைக்கு ஓடி வருவாய். முடிச்சை நீயேதான் அவிழ்க்க வேண்டும். நான் அவிழ்த்தால் அன்றைக்கு அழுகை. வெல்லத்தின் மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அதை ஃபூ என்று ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வாய். ஊதுவதில் உனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போது உன் கன்னத்தில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துவிட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது நீ ஐ.டி.ஐ. படிக்கும்போது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கிய மாதிரி இருக்கும். ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார். என்ன வேலை என்று கேட்டார், மாவு மில் என்றேன், தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். மாத்திரை கொடுத்தார்கள், மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. மாத்திரை கொடுக்கிற நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, டி.பி. வந்தவர் வீட்டில் இருக்கிற எல்லோரும் படம் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா போய் எடுத்து வந்தார். நீ பரீட்சை என்று நழுவிவிட்டாய். மாத்திரை முடிந்தது, இருமல் முடியவில்லை. வேறொரு டாக்டர் மறுபடியும் டி.பி. என்றார், மறுபடியும் மாத்திரை. அவரிடமும் மாவு மில் என்றுதான் சொன்னேன். அவரும் அப்படியே எழுதினார். அந்த நர்ஸம்மா மறுபடியும் வந்தார், நீ மறுபடியும் நழுவினாய். இந்தமுறை ஷிஃப்ட் என்றாய். ஏனென்றால் அதற்குள் நான் மில்லை விட்டு நின்றிருந்தேன், என் இடத்துக்கு உன்னை எடுத்திருந்தார்கள், அதுவும் கோணி பிடிக்க இல்லை, மெஷின் ஓட்ட. ஸ்ரீபெரும்புதூரில் ஒவ்வொரு கம்பெனியாக கான்ட்ராக்டில் ஏறி இறங்கி அலுத்துப்போய் வந்திருந்தாய். பர்மனென்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் நம் வீட்டில் மூன்று பேரும் வாயெல்லாம் பல்லாக நின்றோம். நானும்தான்.

டம்ளர் வந்தது அந்த இரண்டாவது மாத்திரையின்போது. எனக்கென்று தனியாக நீ வாங்கிவந்த ஒரு சில்வர் டம்ளர், ஒரு தட்டு, இரண்டிலும் என் பெயர் வெட்டியிருந்தது. பாத்திரக்கடைக்காரன் பெயர் வெட்டவா என்று கேட்டிருப்பான், நீயும் வெட்டு என்று சொல்லியிருப்பாய். நம் வீட்டில் இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் என் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர்களின் பெயர்தான் இருக்கிறது. என் பெயர் வெட்டிய முதல் பாத்திரம் அதுதான். அதைச் சொல்லி நான் உன்னைக் கிண்டல்கூடச் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? சிரித்துக்கொண்டே சொன்னேனே தவிர, அன்றைக்குக் கொல்லையில் போய் அழுதேன். ஆனாலும் உன்மேல் தப்பு சொல்ல முடியவில்லை. ஒட்டிக்கொள்கிற நோய் என்றால் பிள்ளை ஒதுங்கத்தானே செய்வான். கல்யாணமானதும் கலைக்கு ஒட்டிவிடும் என்று வாலாஜாபாத்தில் தனி வீடு பார்த்தாய். அதற்கும் சரி என்றேன்.

இன்னொன்று. என்னோடு கோணி பிடித்த எல்லம்மா அக்கா என்னைப் பார்க்க வந்தபோது ஒரு வார்த்தை சொன்னாள். "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. நீ வெல்லத்த துன்னாம புள்ளைக்கு எட்த்துக்கினு போன, அதான் தூசு உள்ளயே தங்கிடுச்சு." நீ உள்ளே கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாய். சீப்பு அப்படியே நின்றதைப் பார்த்தேன். அதற்கு அப்புறம் நீ வெல்லம் போட்ட எதையும் வீட்டில் தொடவில்லை, பொங்கலுக்குக்கூட. என்னடா என்றால் பிடிக்கவில்லை என்பாய். நான் அதை அப்போதே பேசித் தீர்த்திருக்க வேண்டும். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் எல்லம்மா சொன்னதை நானும் பாதி நம்பினேன்.

இப்போது டாக்டரம்மாவிடம் வருகிறேன். நான் போன மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது உனக்குத் தெரியும், அங்கே நடந்ததை நீ முழுக்கக் கேட்கவில்லை. உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மூன்றாவது தடவையாக மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். பழைய சீட்டை எல்லாம் புரட்டிக்கொண்டே, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். மாவு மில் என்றேன். தலை நிமிராமல், "என்ன மாவும்மா? அரிசியா, மசாலாவா?" என்றாள். கல்லு மாவு என்றேன். பேனா நின்றுவிட்டது. என்ன கல், எத்தனை வருஷம், முகத்துக்கு என்ன கட்டிக்கொள்வீர்கள், பக்கத்தில் வேலை செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். இரண்டு மூன்று நாள் சளியைக் கொடுக்கச் சொல்லி, இன்னொரு பெரிய மெஷினில் படுக்கவைத்தும் பார்த்தார்கள். கடைசியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். சளியில் டி.பி. இல்லை. நுரையீரல் முழுக்கக் கல் தூசி படிந்து இறுகியிருக்கிறது. இது யாருக்கும் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம்.

மாத்திரை என்று கேட்டேன். படிந்த தூசியை எடுக்க மருந்து இல்லை, மூச்சுக்குச் சுகமாக இருக்க உறிஞ்சுகிற மருந்து தருகிறேன், இந்த நோய் இருந்தால் டி.பி.யும் சுலபமாகச் சேர்ந்துகொள்ளும், அதனால் அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றாள். எனக்கு உடனே வெல்லம்தான் ஞாபகம் வந்தது. தினமும் வெல்லம் தின்றிருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன். வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "வெல்லம் வயித்துக்குப் போற வழி வேற, தூசி போற வழி வேறம்மா. ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது" என்று தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினாள். கேட்டாயா, பிரபு? நீ தின்ற வெல்லத்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அத்தனை கட்டியையும் நானே தின்றிருந்தாலும் இதே படம்தான், இதே இருமல்தான். நீ இனிமேல் பொங்கல் சாப்பிடலாம்.

எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள், இப்போது வீட்டில் யாராவது அந்த மில்லில் இருக்கிறார்களா என்று. என் பிள்ளை என்றேன். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்த நேரம் அது என் காதில் சரியாக ஏறவில்லை. ஒட்டாது, ஒட்டாது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மருந்தில்லாத நோய் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள், நான் ஆட்டோவில் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். காமாட்சி அம்மன் கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டினார். ஒரே ஒரு டீ வாங்கினார். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அந்த கிளாஸிலேயே என்னிடம் நீட்டினார். எத்தனை வருஷம் கழித்து. பட்டுப்புடவைக் கடைக்கு வழி கேட்டு யாரோ சவாரி வந்து நின்றார்கள், அவர் அப்புறம் என்று கையைக் காட்டிவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நான் ஓடிவந்து சொன்னேன். உன் முகம் மலரும் என்று நினைத்தேன். அது சுருங்கிவிட்டது. "அந்தம்மா புது டாக்டரு. ரெண்டு பெரிய டாக்டருங்க டி.பி.ன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க. இது டி.பி.தான், நீ டம்ளர மாத்தாத" என்றாய். நான் திரும்பவும் சொல்ல வாயெடுத்தேன். நீ சத்தம் போட்டாய். "நான் தெனம் வெல்லம் துன்னுக்கினுதான் இருக்கறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?" நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, பிரபு. கேட்க நினைத்திருக்கக்கூட இல்லை. எனக்கு இருமல் வந்துவிட்டது, நீ எழுந்து போய்விட்டாய். போனதும், வீட்டில் வெல்லத்தைத் தொடாதவன் மில்லில் மட்டும் தினமும் தின்கிறான் என்பது உறைத்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு டி.பி. இல்லை என்றால் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று அப்பாவிடம் புலம்பினேன். என்னை ஒதுக்கி வைத்துப் பழகிவிட்டது, இனி கிட்டே சேர்க்க மனசில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வளைகாப்புக்கு வந்தேன். கலை சிவப்புப் புடவையில் மனையில் உட்கார்ந்திருந்தாள், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. நான் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தேன். கண்ணாடிக்கும் நம்ம மாவுதான் போகிறது, ஒருவேளை நான் தைத்த கோணியாகவே இருக்கும் என்று வழியில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பந்தலுக்குள் நுழையும்போதே நீ வந்து மறித்தாய். "அம்மா, நீ அங்க கேட்டாண்ட குந்திக்கோ. வளையல என்கிட்ட குடு, அவங்கம்மா போட்டுடுவாங்க." கொடுத்துவிட்டேன். சம்பந்தியம்மா நான் வாங்கிய வளையலை மகள் கையில் அடுக்குவதை கேட் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். எல்லோருக்கும் வாழை இலை, எனக்கு மட்டும் பேப்பர் தட்டு, பேப்பர் கப். கலை மட்டும் கூட்டத்துக்கு நடுவில் என் பக்கம் திரும்பி, வளையல் போட்ட கையைத் தூக்கி ஒருமுறை ஆட்டிக் காட்டினாள். அந்தப் பெண்ணை நல்லபடியாக வைத்துக்கொள்.

அந்த கேட் பக்கத்து நாற்காலியால்தான் நான் பார்த்தேன். உள்ளே உட்காரவைத்திருந்தால் தெரிந்திருக்காது. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த நீ வாளியை வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தாய். என்னைக் கவனிக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தாய். எங்கேயோ போகிறாய் என்று நினைத்தேன். நீ ஏறவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிமேல் குனிந்து நின்றாய். வண்டிச் சத்தம் ஏறி ஏறி வந்தது. உன் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. குலுங்கி முடிந்ததும் வண்டியை அணைத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்து அதை ஒரு பார்வை பார்த்து மடித்து வைத்துக்கொண்டு, மறுபடியும் வாளியைத் தூக்கப் போனாய்.

யாரை ஏமாற்றுகிறாய்? உன் கல்யாணத்துக்கு முன்னால் நான் காலையில் எழுந்ததும் மிக்ஸி போடுவேனே, சட்னிக்குத் தேங்காய்கூட இருக்காது, வெறும் ஜாரில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவேன். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. அந்தச் சத்தத்துக்குள் இருமி முடித்துவிட்டு வெளியே வருவேன். உன் வண்டியைப் பார்த்ததும் எனக்கு என் மிக்ஸிதான் தெரிந்தது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என்னைப் பார்த்து உனக்கு அருவருப்பு இல்லை. எனக்கு டி.பி.யாக இருந்தால் அது எங்கிருந்தோ வந்து எனக்கு ஒட்டிய நோய், மாத்திரை தின்றால் தீர்கிற நோய், உனக்கும் மில்லுக்கும் அதோடு சம்பந்தம் இல்லை. எனக்கு மாவு என்றால் உனக்கும் மாவு. டம்ளரில் என் பெயரை வெட்டி ஒதுக்கி வைத்தது நோயைத்தான், என்னை இல்லை. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் பதில் இவன் என்னை வெறுத்தே இருக்கலாமே என்று நினைத்தேன்.

ஏன் வண்டிச் சத்தத்தில் இருமுகிறாய் என்றும் எனக்குத் தெரியும். மில்லில் இருமினால் ரெஸ்ட் எடுத்துக்கொள் என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த ரெஸ்ட் முடிந்து யாரும் திரும்பி வந்ததில்லை. எனக்கும் அப்படித்தான் ரெஸ்ட் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அங்கே எடுத்துப் போகாதே என்றேன். வேலையை விடு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அப்பாவிடம் யோசனை கேட்டேன், அவனை விட்டுவிடச் சொல்லலாமா என்று. ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் பிழிந்தபடியே, "வுட்டுட்டு?" என்று மட்டும் கேட்டார். கலைக்கு மாதம் நெருங்குகிறது. மறுபடியும் கான்ட்ராக்டுக்குப் போனால் உன் வயசுக்கு எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் இருமலைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மில்லுக்குப் போனால் மாவு, போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. முகமூடி போட்டால் கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்கிறது, கழற்றினால்தான் மூச்சு விட முடிகிறது என்று நீயே சொன்னாய். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. நான் ராத்திரி பகல் யோசித்துவிட்டேன், எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் தெரியவில்லை. படம் எடுத்துப் பார்த்து உள்ளே வெள்ளையாக இருந்தால் அப்புறம் என்ன செய்வது என்று கேட்பாய். தெரியாது. ஆனால் அந்த டாக்டரம்மா ஒன்று சொன்னாள். நான் வந்தபோது முற்றிப்போயிருந்ததாம். சீக்கிரம் தெரிந்து, தூசியை விட்டு விலகினால் அந்த அளவுக்குப் போகாமல் இருக்க வாய்ப்பு உண்டாம். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ படம் எடுக்க வர மாட்டாய், தெரியும். வா என்றால் சண்டை போடுவாய். அதனால் உன் வழிக்கே வருகிறேன். சரி, எனக்கு டி.பி.தான். நீ சொன்னதே சரி. சம்பந்தியம்மாவிடம் நானே டி.பி. என்று சொல்கிறேன். பெயர் வெட்டிய டம்ளரிலேயே குடிக்கிறேன். குழந்தை பிறந்தால் வாசல் தாண்டி வர மாட்டேன், கலை தூக்கிக் காட்டினால் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். கலைக்கு மட்டும் உண்மை தெரியட்டும். பக்கத்தில் படுப்பவளிடம் எந்த வண்டிச் சத்தமும் எடுபடாது, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கும். மற்ற எல்லோருக்கும் நான் டி.பி.காரியாகவே இருந்துவிடுகிறேன். ஆனால் டி.பி. என்றால் அந்த நர்ஸம்மா சொன்ன சட்டமும் உண்டு, பிரபு. டி.பி. வந்தவளின் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தாக வேண்டும். அப்பா எடுத்துவிட்டார். நீ இரண்டு தடவை நழுவியவன், பாக்கி இருக்கிறாய். மில் ஆள் என்று வர வேண்டாம். நோயாளியின் மகன் என்று வா. எனக்கு டி.பி. என்றாலும் நீ வர வேண்டும், எனக்கு மாவு என்றாலும் நீ வர வேண்டும். நீ எதைச் சொன்னாலும் அந்த அறைக்குள்தான் போய் நிற்கிறாய். கோபம் வரும். வரட்டும். கோபத்தோடேயே வா.

வியாழக்கிழமை அந்த டாக்டரம்மா உட்காருகிற நாள். காலையிலேயே வந்து ஆஸ்பத்திரி கேட் பக்கத்தில் அப்பாவின் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பேன். நீ உன் வண்டியில் வா. வந்ததும் இன்ஜினை அணைத்துவிடு. அணைத்துவிட்டு, இருமல் வந்தால் என் எதிரிலேயே இருமு. நான் எழுந்து போக மாட்டேன்.

அம்மா